குடுவையில் வளர்ந்த வேர்களுக்கு ஓர் அறை வேண்டும்: ஆயுர்வேதத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆயுர்வேத ஆணையாளர் அவர்களுக்கும், நாவின்னவில் மூலிகை ஆராய்ச்சியைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். குடுவையில் வளர்த்த மூலிகை வேர்களை உயிரோடு காத்துவைக்க உங்களிடம் ஓர் அறை கேட்டு இதை எழுதுகிறேன். மின்சாரம் போனாலும் குளிர் போகாத ஓர் அறை, அதற்குள் குடுவைகளை ஆட்டிக்கொண்டே இருக்கும் இரண்டு மூன்று ஷேக்கர் இயந்திரங்கள், ஒரு பதிவேடு, அதைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள், அவ்வளவுதான். 138 பஸ் ஏறி நேரிலேயே வந்து சொல்லியிருக்கலாம், ஆனால் இதை நம்முடைய சித்த வைத்தியர்களும், உயிரியல் படிக்கிற பிள்ளைகளும், மூலிகை வாங்கி விற்கிறவர்களும் கூட வாசிக்கவேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். 2022இல் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில், அதன் பெயர் இங்கே வேண்டாம், முதுமாணிப் பட்டத்துக்காக வேர் வளர்த்துக்கொண்டிருந்தேன். மண்ணில் இல்லை, கண்ணாடிக் குடுவையில். சர்ப்பகந்தியின் வேரும் செங்கொடிவேலியின் வேரும், தண்டும் இலையும் இல்லாமல், சீனியும் உப்புகளும் விற்றமினும் கலந்த தெளிந்த கரைசலில், இருட்டறையில், 25 பாகையில், நிமிடத்துக்கு 90 சுற்று ஆடிக்கொண்டிருக்கும். மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களிடம் ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. ஏசி நின்றது, ஷேக்கர் நின்றது. ஆடாத குடுவையில் கரைசலுக்குள் மூழ்கிக் கிடக்கிற வேருக்கு ஒட்சிசன் போகாது, அதோடு பூட்டிய அறையில் கொழும்பு வெக்கை வேறு. பஸ்ஸும் ஒழுங்காக இல்லை, நான் காலி வீதியில் நடந்து போய்ச் சேர்ந்த ஒரு நாள் அறையைத் திறந்தால், பால் வெள்ளையாக இருந்த வேர்கள் எல்லாம் பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தன. இரண்டு வருட வேலை. ஒவ்வொரு குடுவையாக வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன், எங்காவது ஒரு நுனி வெள்ளையாக மிச்சம் இருக்காதா என்று. அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சரி, அது பொருளாதார நெருக்கடிக் காலம், எல்லாருக்கும் எல்லாமும் போன காலம், ஆஸ்பத்திரிகளில் மருந்தே இல்லாமல் சனம் அலைந்த நேரத்தில் ஒரு மாணவியின் குடுவைகளைப் பற்றி யார் கவலைப்படுவது என்று கேட்கலாம். நான் இப்போது கவலைப்படுவது அந்த மின்வெட்டைப் பற்றி இல்லை. பிறகு விசாரித்துப் பார்த்தபோது தெரிந்துகொண்ட விஷயம்தான் என்னை இதை எழுதவைக்கிறது. மின்சாரம் ஒழுங்காக இருந்த வருடங்களிலும் இந்த வேர்கள் செத்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. எனக்கு முன்னால் அதே ஆய்வுகூடத்தில் ஒருவர் செங்கொடிவேலி வேர் வளர்த்திருக்கிறார், நன்றாகவே வளர்த்திருக்கிறார், ஆய்வேட்டில் படமும் இருக்கிறது. பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, போய்விட்டார். நான்கு கிழமைக்கு ஒரு தடவை வேர் நுனியை வெட்டிப் புதிய கரைசலுக்கு மாற்றாவிட்டால் இந்த வேர் செத்துவிடும். மாற்ற ஆளில்லை. நான் அங்கே சேர்ந்தபோது அவருடைய வேரில் ஒரு துண்டுகூட இல்லை, பூச்சியத்திலிருந்து தொடங்கினேன். எனக்குப் பிறகு வந்த தம்பியும் பூச்சியத்திலிருந்துதான் தொடங்கினார். வேறு இடங்களில் வேலை செய்யும் நண்பர்களிடம் கேட்டேன், அங்கேயும் இதே கதைதான்.

இதில் எவ்வளவு நட்டம் என்று விளங்க, இந்த வேர் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும்.

மண்ணில் ஒரு பற்றீரியா இருக்கிறது, அக்ரோபக்றீரியம் ரைசோஜீன்ஸ் என்று பெயர், இப்போது ரைசோபியம் என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். செடியில் காயம் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, தன்னிடம் உள்ள ஒரு வளைய டிஎன்ஏயிலிருந்து ஒரு துண்டைச் செடியின் கலத்துக்குள் அனுப்பிவிடும். அந்தத் துண்டு செடியின் நிறமூர்த்தத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது என்று 1982இல் மேரி டெல் சில்ற்றன் குழுவினர் காட்டினார்கள். அதில் ரோல் என்று தொடங்கும் சில பரம்பரையலகுகள் இருக்கின்றன. அவை வேலை செய்யத் தொடங்கியதும் காயம் பட்ட இடத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக, கிளை மேல் கிளையாக, பஞ்சு மாதிரி வேர் கிளம்பும். ஆங்கிலத்தில் இதை ஹெயாரி ரூட் என்கிறார்கள், தமிழில் மயிர்வேர் என்று எழுதலாம், ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த வேர்மயிரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அது வேறு.

செய்முறை பார்க்க எளிது. கிருமி நீக்கி வளர்த்த இலையை ஊசியால் குத்தி, பற்றீரியாக் கரைசலில் தோய்த்து, இரண்டு நாள் ஒன்றாக விட்டு, பிறகு நுண்ணுயிர்கொல்லி போட்டுப் பற்றீரியாவைக் கொன்றுவிடவேண்டும். இரண்டு மூன்று கிழமையில் குத்திய இடங்களில் வேர் முளைக்கும். ஒவ்வொரு வேரையும் தனியாக வெட்டித் தனியாக வளர்க்கவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வேரும் ஒரு தனிச் சம்பவம். பற்றீரியா அனுப்பிய துண்டு எந்தக் கலத்தில், எந்த நிறமூர்த்தத்தில், எந்த இடத்தில், எத்தனை பிரதியாகப் போய் உட்கார்ந்தது என்பது வேருக்கு வேர் மாறும். நாங்கள் ஒவ்வொன்றையும் ஒரு லைன் என்று சொல்வோம். என்னிடம் செங்கொடிவேலியில் 37 லைன் இருந்தது. பல மெதுவாக வளர்ந்தன, சில வேகமாக வளர்ந்தும் மருந்துச் சத்து இல்லாமல் இருந்தன, சிலவற்றில் சத்து இருந்தும் வளர்ச்சி இல்லை. வேகமும் சத்தும் ஒன்றாக இருந்தவை இரண்டே இரண்டு. அதே செடி, அதே இலை, அதே பற்றீரியாவோடு நாளைக்கு மறுபடி செய்தாலும் அந்த இரண்டு வராது, வேறு எதுவோ வரும், நல்லதும் வரலாம் வராமலும் போகலாம். விதை போனால் இன்னொரு விதை தேடலாம், ஒரு லைன் போனால் போனதுதான்.

இந்த வேருக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், சாதாரணமாகச் செடியின் கலங்களைக் குழம்பு மாதிரி வளர்த்தால் அவை பெருகும், ஆனால் மருந்துச் சத்தைப் பெரும்பாலும் மறந்துவிடும். வேரில் உண்டாகிற சத்துக்கு வேர் என்ற உறுப்பே வேண்டும். மயிர்வேர் உண்மையான வேர்தான், ஓமோன் எதுவும் போடாமலே வளரும், வருடக்கணக்கில் ஒரே குணத்தோடு இருக்கும். வெட்டிய வேர் நுனியைக் கரைசலில் முடிவில்லாமல் வளர்க்கலாம் என்று பிலிப் வைற் தக்காளி வேரை வைத்து 1934இலேயே காட்டிவிட்டார், ஆனால் பல மூலிகைகளின் வேர் அப்படி ஓமோன் இல்லாமல் சுறுசுறுப்பாக வளராது, பற்றீரியா அந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். செங்கொடிவேலி வேர்க் குடுவைக்குள் இறால் கோதிலிருந்து எடுக்கும் கைற்றோசனைக் கொஞ்சம் விட்டால், வேர் தன்னைப் பூஞ்சணம் தாக்குகிறது என்று எடுத்துக்கொண்டு தற்காப்புக்கு பிளம்பஜின் என்ற தன் மஞ்சள் மருந்துச் சத்தைக் கூடுதலாக உண்டாக்கும், அந்த மஞ்சள் கரைசலிலும் இறங்கும். சித்திரமூலம் என்று சொல்லும் இந்த வேரை நம் தாத்தா பாட்டிமார் சும்மா தொடமாட்டார்கள், தோல் கொப்புளித்துவிடும், சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்துச் சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்ப்பார்கள். தோலைக் கொப்புளிக்க வைப்பதும் குடுவையில் மஞ்சளாக இறங்குவதும் ஒரே பொருள்தான். புத்தளம் சிலாபம் பக்கம் இறால் கோதுக்குக் குறைவேயில்லை என்பதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

என் அப்பப்பா தென்மராட்சியில் பரியாரியார். வேர் எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். முதல் நாளே செடிக்கு மஞ்சள் நூலில் காப்புக் கட்டி, சாபநிவர்த்தி சொல்லி, அடுத்த நாள் விடியமுன் போய் வடக்கே ஓடுகிற ஒரு வேரை மட்டும் அறுத்து, மண்ணை மூடி, செம்பில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றிவிட்டு வருவார். முழுச் செடியையும் பிடுங்க விடமாட்டார். அடுத்த வருடமும் அந்தச் செடியிடம்தானே போகவேண்டும் என்பார். இன்றைக்கு ஊரில் காடு ஏறி வேர் தோண்டிக் கிலோக் கணக்கில் விற்கிறவருக்கு அந்தப் பொறுமை கிடையாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது, கிலோவுக்குத்தானே காசு. நன்னாரியை வேரோடு, பின்கொஹொம்பவை முழுச் செடியோடு, சர்ப்பகந்தியை ஆணிவேரோடு எடுக்கிறார்கள். இலை பறித்தால் செடி துளிர்க்கும். வேர் மருந்துக்கு ஒவ்வொரு கிலோவும் செத்த செடி.

சர்ப்பகந்தியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, சிங்களத்தில் ஏகவெரிய. இரத்த அழுத்தத்துக்கு அது வேலை செய்கிறது என்று மும்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் எழுதினார், 1952இல் சுவிற்சர்லாந்தில் சீபா கம்பனி அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்தது, பிறகு உலகம் முழுக்க அந்த வேருக்கு ஓடியது. வேர் முற்றுவதற்கு இரண்டு மூன்று வருடம் எடுக்கும், ஓடுகிறவர்களுக்கு அது காத்திருக்குமா? 1990 முதல், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது, அதாவது அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு நாடு கொண்டுபோக முடியாது. நம் காடுகளில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

புறக்கோட்டை கபோஸ் லேனுக்கு நான் அடிக்கடி போவேன், அந்த மணம் எனக்கு அப்பப்பாவின் மருந்துப்பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். ஒரு தடவை ஒரு கடையில் சர்ப்பகந்தி என்று சொல்லித் தந்த வேரை ஆய்வுகூடத்தில், சத்துகளைப் பிரித்துக் காட்டுகிற மெல்லிய படலத் தட்டில் ஓட்டிப் பார்த்தேன், ரெசர்பின் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கு வந்த மூட்டையே அப்படி. நம் நாட்டில் காய்ந்த மூலிகையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது, எந்தக் காட்டில் யார் தோண்டினார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. பெயரே குழப்பம்: தமிழ்நாட்டில் நிலவேம்பு என்பது ஒரு செடி, இங்கே பின்கொஹொம்ப என்று மருந்தில் போடுவது முன்ரோனியா என்ற வேறு குடும்பத்துச் செடி, இரண்டையும் ஒரே தமிழ்ப் பெயரில் வாங்கிவிடுகிற ஆட்களை எனக்கே தெரியும். நோயாளி குடிப்பது என்ன என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலைமை இது. குடுவையில் வளர்ந்த வேருக்கு இலக்கம் உண்டு, பிறந்த திகதி உண்டு, அதில் என்ன சத்து எவ்வளவு என்ற அளவு உண்டு.

இது ஆய்வுகூடத்துக்கு வெளியே சாத்தியமா என்று கேட்பீர்கள். ஜப்பானில் முரசாக்கி என்ற செடியின் வேரில் ஷிக்கோனின் என்ற ஊதாச் சாயம் இருக்கிறது, காயத்துக்கும் பூசுவார்கள், துணிக்கும் ஊட்டுவார்கள். காட்டில் செடி குறைந்துபோனபோது மிற்சுயி கம்பனி 1983இல் 750 லீற்றர் தொட்டியில் அந்தக் கலங்களை வளர்த்துச் சாயம் எடுத்தது, தாவரக் கல வளர்ப்பில் முதலில் சந்தைக்கு வந்த பொருள் அதுதான், உதட்டுச் சாயத்தில் போட்டார்கள். கொரியாவில் ஜின்செங் வேரை 10,000 லீற்றர் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். நிலத்தில் நாலைந்து வருடம் எடுக்கிற வேர் அங்கே கிழமைக் கணக்கில் வளர்கிறது, அதுவும் பற்றீரியா எதுவும் தொடாமல், ஓமோன் கொடுத்து முளைக்கவைத்த வேர். பசிபிக் யூ மரத்தின் பட்டையை உரித்து எடுத்த டாக்சோல் என்ற புற்றுநோய் மருந்தை இன்று பெரிய தொட்டிகளில் கல வளர்ப்பில் எடுக்கிறார்கள். நமக்குப் பக்கத்துச் செடி ஒன்றைச் சொல்கிறேன், கீரிப்பூண்டு. அதன் உறவுக்காரச் செடி ஒன்றின் மயிர்வேரை வளர்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், புற்றுநோய் மருந்துகளுக்கு மூலமான கம்ப்தொதீசினை அந்த வேர் உண்டாக்கிக் கரைசலுக்குள்ளேயே விடுகிறது என்று 2001இல் எழுதினார்கள். வேரைக் கொல்லாமல் கரைசலை மட்டும் வடித்து எடுக்கலாம். கீரிப்பூண்டு நம் நாட்டிலும் இருக்கிறது, அதிலும் கம்ப்தொதீசின் இருக்கிறது.

ஆனால் நான் இதை மந்திரக்கோல் என்று விற்க வரவில்லை, விற்றால் இரண்டு வருடத்தில் நீங்களே ஏமாந்து என்னைத் திட்டுவீர்கள். வேர், வேரில் உண்டாவதைத்தான் தரும். பட்டிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள், நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள், கொழும்பில் சுடலை மதிலோரம் தொட்டுக் கோயில் வாசல் வரை பூக்கிற செடி. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்ரின் அதிலிருந்துதான் வருகிறது. அதன் மயிர்வேரை வளர்த்தால் அஜ்மலிசின் கிடைக்கும், வின்கிறிஸ்ரினின் ஒரு பாதியான கதரன்தின் கிடைக்கும். வின்கிறிஸ்ரினுக்கு வேண்டிய மற்றப் பாதியான வின்டொலின் கிடைக்காது, ஏனென்றால் அதைச் செடி இலையில், வெளிச்சத்தில்தான் முடிக்கிறது. இதைச் சொல்லாமல் பட்டிப்பூவில் மருந்துத் தொழிற்சாலை போடலாம் என்று யாராவது உங்களிடம் திட்டம் கொண்டுவந்தால் தயவுசெய்து கேள்வி கேளுங்கள்.

அப்புறம் தொட்டியின் தொல்லை. வேர் வளர வளரச் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி ஒரு பந்தாகிவிடும், நடுவில் ஒட்சிசன் போகாது, கலக்கும் தகடு வைத்தால் வேரை அறுத்துவிடும், அதனால் அடியிலிருந்து காற்றுக் குமிழி விடுகிற தொட்டியோ கரைசலைப் பனி மாதிரித் தெளிக்கிற தொட்டியோ வேண்டும். ஒரு பூஞ்சண வித்து உள்ளே போனால் முழுத் தொட்டியும் போச்சு. செலவு அதிகம். மல்லித்தண்ணிக்குப் போடுகிற வெனிவெல்கெட்டவுக்கும் வீட்டில் காய்ச்சுகிற நன்னாரிக்கும் இது பதில் இல்லை, அவற்றை நிலத்தில்தான் வளர்க்கவேண்டும். ஹல்தும்முல்லையில் திணைக்களத்துக்கு இருக்கும் மூலிகைத் தோட்டம் போல இன்னும் வேண்டும், பயிரிடுகிற விவசாயிக்கு நிச்சயமான விலையும் வேண்டும். குடுவை வேர், அரிதாகிப்போன செடிக்கும் அளவு துல்லியமாக இருக்கவேண்டிய சத்துக்கும்தான். எனக்கு அதில் குழப்பம் இல்லை.

வைத்தியர்கள் சிலர் என்னிடம் நேரடியாகவே சொல்லியிருக்கிறார்கள், பிள்ளை, மருந்து ஒரு சத்து இல்லை, மண்ணும் மழையும் வெயிலும் சேர்ந்ததுதான் வேர், கண்ணாடிக்குள்ளே வளர்ந்ததை நான் கஷாயத்தில் போடமாட்டேன் என்று. நான் அவர்களோடு வாதாடவில்லை, அப்பப்பா இருந்திருந்தால் அவரும் இதையே சொல்லியிருப்பார். கஷாயத்தில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. ரெசர்பினோ பிளம்பஜினோ தனியாகப் பிரித்தெடுக்கவும், ஆராய்ச்சிக்கும், சந்தையில் வரும் வேர் உண்மையானதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுகோலுக்கும் இன்றைக்குக் காட்டுச் செடியைத்தான் கொல்கிறோம், அந்த வேலைகளைக் குடுவை வேர் எடுத்துக்கொள்ளட்டும். மிச்சமிருக்கிற காட்டு வேர் உங்கள் கஷாயத்துக்கு இருக்கட்டும்.

மரபணு மாற்றம் என்ற பயமும் இருக்கிறது, அது நியாயமான பயம், மூடி மறைக்கக் கூடாது. மயிர்வேரில் பற்றீரியாவின் பரம்பரையலகு இருக்கிறது, ஆம். ஆனால் அது மனிதன் வடிவமைத்தது இல்லை, அந்தப் பற்றீரியா மண்ணில் காலம் காலமாகச் செய்கிற வேலை. 2015இல் 291 வகை வற்றாளைக் கிழங்கைச் சோதித்த விஞ்ஞானிகள், பயிரிடப்படும் அத்தனையிலும் இந்த இனப் பற்றீரியாக்களின் டிஎன்ஏத் துண்டு இருப்பதைக் கண்டார்கள். நாம் தேங்காய்ப்பூவோடு அவித்துச் சாப்பிடுகிற கிழங்கு. அதற்காகக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மயிர்வேரிலிருந்து முழுச் செடி கிளப்பி நிலத்தில் நடுவதை நானும் எதிர்ப்பேன், அந்தச் செடிகள் இலை சுருண்டு குட்டையாகத்தான் வரும், காட்டுச் செடியோடு கலக்கவிடக் கூடாது. குடுவைக்குள் அடைத்து, பற்றீரியா முற்றாகப் போய்விட்டதா என்று பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை செய்து பார்த்து வைத்திருக்கிற வேரை, வயலில் நடுகிற மரபணு மாற்றப் பயிரோடு ஒரே தட்டில் வைக்காமல் தனியாக ஒரு நடைமுறை எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். இலங்கை 2004இல் உயிரியல் பாதுகாப்புக்கான கார்ட்டஹேனா நெறிமுறையை ஏற்றுக்கொண்ட நாடு, அந்த நெறிமுறையே அடைப்புக்குள் வைத்துப் பயன்படுத்துவதை வெளியில் விடுவதிலிருந்து பிரித்துத்தான் பார்க்கிறது.

இனி அந்த அறைக்கு வருகிறேன்.

கன்னொறுவையில் தாவர மரபுவள நிலையம் நெல்லையும் பயறையும் விதையாகக் குளிரில் வைத்துக் காக்கிறது. மயிர்வேர் விதை இல்லை, அதற்கு அங்கே இடம் இல்லை. நாவின்னவில் ஆராய்ச்சி நிறுவனமும் மருந்து செய்கிற இடமும் ஒரே சுற்றுவட்டாரத்தில் இருப்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தில், யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ பேராதனையிலோ, யார் மூலிகை வேர் லைன் உண்டாக்கினாலும் பட்டம் பெறமுன் ஒரு பிரதியை அந்த அறையில் ஒப்படைக்கவேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். செடி எங்கே எடுத்தது, எந்தப் பற்றீரியா வகை, எந்தக் கரைசல், சத்து அளவு எவ்வளவு, உரிமை யாருக்கு, எல்லாம் பதிவேட்டில் இருக்கட்டும். உரிமை என்பதை அழுத்திச் சொல்கிறேன். கொத்தலஹிம்புட்டு என்ற நம் மூலிகைக் கொடியிலிருந்து நீரிழிவுக்கான சலசினோலை 1997இல் பிரித்து உலகத்துக்கு அறிவித்தது ஜப்பானிய ஆய்வுக் குழு, அதில் பிறகு கண்டுபிடித்த இன்னொரு சத்துக்குக் கொத்தலனோல் என்று நம் பெயரையே வைத்தார்கள், பெயர் மட்டும்தான் நமக்கு மிஞ்சியது. நம் பிள்ளைகள் உண்டாக்கிய லைன் நம் பதிவேட்டில் இருந்தால் நாளைக்குப் பேச நமக்கும் ஒரு தாள் இருக்கும்.

செலவைப் பற்றிப் பயப்படவேண்டாம், நெருக்கடியில் வேலை செய்து பழகியவர்கள் நாங்கள். கரைசலைக் கட்டியாக்கப் போடுகிற ஏகாரின் விலை ஏறியபோது தட்டுகளுக்குச் சவ்வரிசி காய்ச்சி ஊற்றினோம், ஆய்வுகூடச் சுக்குரோசுக்குப் பதில் கடைச் சீனி போட்டோம், வேர் வளர்ந்தது. மின்சாரத்துக்குக் கூரையில் சூரியத் தகடும் மின்கலமும், ஏனென்றால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருட்டானபோதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது யாருடைய குடுவைகள் இப்போது நிற்கின்றனவோ என்பதுதான். அதைவிட நல்ல வழி திரவ நைதரசன். வேர் நுனிகளைப் பதப்படுத்தி அதில் வைத்துவிட்டால் மின்சாரமும் வேண்டாம், நான்கு கிழமைக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டாம், ஜின்செங் மயிர்வேரை ஜப்பானில் அப்படி வைத்து மீண்டும் வளர்த்திருக்கிறார்கள். மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்காக ஊர் ஊராகத் திரவ நைதரசன் கலன் கொண்டுபோகிற நாடு இது, ஒரு கலனை நாவின்னவுக்குக் கொண்டுவருவது பெரிய காரியமே இல்லை. ஆனால் ஒன்று, ஆள் நிரந்தரமாக இருக்கவேண்டும். திட்டக் காசில் மூன்று வருடத்துக்கு எடுத்து, திட்டம் முடிந்ததும் அனுப்பிவிடுகிற ஆளாக இருந்தால் நாம் மறுபடியும் எனக்கு முன்னால் இருந்தவரின் கதைக்கே வந்துவிடுவோம்.

முதல் வருடத்துக்கு மூன்று செடி போதும் என்பது என் எண்ணம்: சர்ப்பகந்தி, செங்கொடிவேலி, கீரிப்பூண்டு. மூன்றிலும் வெளிநாட்டிலோ இங்கோ வேலை நடந்திருக்கிறது, மூன்றிலும் சத்தை அளக்க முறை இருக்கிறது.

2022இல் என்னிடம் எல்லாமே சாகவில்லை. மயிர்வேர் லைன்கள் போனாலும், பற்றீரியா இல்லாமல் ஓமோன் கொடுத்து முளைக்கவைத்த செங்கொடிவேலி வேர் ஒன்றை ஏகார் போத்தலில் ஒரு மூலையில் வைத்திருந்தேன், அதில் ஒரு நுனி வெள்ளையாக இருந்தது. அன்றிலிருந்து அந்த ஒன்றை நண்பர்களின் ஆய்வுகூடங்களில் இடம் கேட்டு இடம் கேட்டு மாற்றிக்கொண்டு வருகிறேன், இப்போது இருப்பது ஐந்தாவது இடம், அவர்களுடைய திட்டமும் டிசம்பரில் முடிகிறது. பதிவேட்டின் முதல் இலக்கத்துக்கு அதைத் தர எனக்கு மனப்பூர்வமான சம்மதம், உரிமைப் பத்திரத்தில் கையொப்பமும் போட்டுத் தருகிறேன். அடுத்த மாற்று இந்த மாதம் 24ஆம் திகதி. அன்றைக்கு உங்கள் ஆள் ஒருவர் வந்தால் எப்படி வெட்டுவது என்று பக்கத்தில் நின்று காட்டித் தருவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து, இன்னமும் வேர் வளர்க்கும் ஒருத்தி